ஆச்சியின் கையில் ஒரு கைத்தொலைபேசி



இப்போது எங்கள் ஊர்களில் வயதான தாய்மார் பலரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள பிள்ளை அனுப்பியதாக இருக்கும், அல்லது கொழும்பில் வேலை செய்யும் பேரன் வாங்கித் தந்ததாக இருக்கும். ஆனால் எத்தனையோ வீடுகளில் அது அலுமாரிக்குள், சீலைகளுக்கு நடுவே சும்மா கிடக்கிறது. அதை அவர்களின் உடல்நலத்துக்கு உதவும்படி செய்வது எப்படி என்று இம்மாதம் பார்ப்போம்.

கிளிநொச்சிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் தனியே வாழ்கிறார். 2009இல் இரண்டு பிள்ளைகளை இழந்தவர். மிஞ்சிய மகள் கனடாவில் இருக்கிறார். ஷெல் சத்தத்தால் ஆச்சிக்கு ஒரு காது மந்தம். பிரசரும் சீனி வருத்தமும் உண்டு. மகள் அனுப்பிய போனை ஏன் பாவிப்பதில்லை என்று கேட்டேன். "அது அடிச்சாலும் எனக்குக் கேக்காது பிள்ளை. எனக்கு ஆர் எடுக்கப் போகினம்?" என்றார்.

பக்கத்து வீட்டுச் சகோதரியும் போரில் கணவனை இழந்தவர். தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். அவருடைய மூத்த மகள்தான் ஆச்சிக்குப் போனைப் பழக்கினாள். பெயர்களுக்குப் பதிலாகப் படங்களைப் போட்டாள். மகளின் முகத்தைத் தொட்டால் மகளுக்கு அழைப்புப் போகும். முகம் பார்த்துப் பேசும்போது வாயசைவும் தெரிவதால் ஆச்சிக்குப் பேச்சு விளங்குகிறது. இதைப் பழக ஒரு கிழமை எடுத்தது. அந்தப் பிள்ளை தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

சில மாதங்களின் பின், ஆச்சியின் கால்விரலில் சீலைத்துண்டு சுற்றியிருப்பதை மகள் போனில் கண்டார். "சின்னக் காயம்தான்" என்றார் ஆச்சி. மகள் விடவில்லை. உடனே பக்கத்து வீட்டுக்கு எடுத்துச் சொல்ல, அவர்கள் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களின் காலில் உணர்வு குறைவதால் காயம் நோவதில்லை. கவனிக்காமல் விட்டால் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம். ஆச்சியின் விரல் தப்பியது.

நீங்களும் செய்யக்கூடியவை இவை:

மருந்து நேரத்துக்கு அலாரம் வையுங்கள். காது மந்தமானவர்களுக்கு அதிர்வையும் சேர்த்து வையுங்கள். ஒரு வேளை குளிசை தவறினால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாதவர்களுக்குப் போனால் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். தினமும் பார்ப்பது நல்லது.

கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டையும் படமெடுத்து வையுங்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் எத்தனை பத்திரங்களைத் தொலைத்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு பிரதி மகளின் போனிலும் இருக்கட்டும்.

வீட்டில் பிரசர் பார்ப்பதானால் மேல்கையில் சுற்றும் மெசின் நல்லது. பார்க்குமுன் அரை மணித்தியாலம் தேநீர் வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, கையை நெஞ்சின் மட்டத்தில் மேசையில் வைத்து, பேசாமல் இருந்து பார்க்க வேண்டும். அளவைத் திகதியுடன் எழுதி வைத்து கிளினிக்கில் காட்டுங்கள்.

1990 என்ற இலக்கத்தை எல்லோரும் பாடமாக்குங்கள். இது 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்தது. நெஞ்சு நோ, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், பேச்சுக் குழறல் என்றால் தாமதிக்க வேண்டாம். ஊர், ஒழுங்கை, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம் ஆகியவற்றைச் சொல்ல ஆச்சிமாருக்கு முன்னரே பழக்கி வையுங்கள்.

உடலை அசைப்பதும் மருந்துதான். முதியவர்களும் கிழமைக்கு 150 நிமிடமாவது நடக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாக உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நடந்த அடிகளைப் போன் எண்ணிக் காட்டும். பேரப்பிள்ளைகளோடு போட்டி போட்டு நடக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. "குளிசையை விட்டுவிட்டு இந்தச் சாற்றைக் குடியுங்கள்" என்று போனில் வரும் செய்திகளை நம்பி மருந்தை நிறுத்த விடாதீர்கள். வைத்தியரிடம் கேளுங்கள். பரிசு விழுந்திருக்கிறது என்று யாராவது எடுத்து, வங்கி இரகசிய இலக்கத்தையோ போனுக்கு வந்த இலக்கத்தையோ கேட்டால் சொல்லவே கூடாது. தனித்திருக்கும் முதியவர்களைத்தான் இப்படி ஏமாற்றப் பார்க்கிறார்கள்.

சகோதரிகளே, போன் இருக்கிறதுதானே என்று நாங்கள் எட்டிப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. கனடாவில் இருந்த மகள் காயத்தைக் கண்டார். கூட்டிச் சென்றது பக்கத்து வீடு. எங்களில் பலருக்குப் பெற்ற தாய் பக்கத்தில் இல்லை, ஆச்சிமார் பலருக்குப் பெற்ற பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. இந்த மாதம் உங்கள் ஒழுங்கையில் தனித்திருக்கும் ஓர் ஆச்சியிடம் போய், அலுமாரிக்குள் இருக்கும் போனை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதில் பதியும் முதல் இலக்கம் உங்களுடையதாக இருக்கட்டும்.