நாலு பிள்ளைகள், ஒரே கதை



முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒன்றாகக் குரலெடுத்துப் பாடம் ஒப்பிப்பதைக் கேட்டால் காது குளிரும். ஆனால் அந்தக் கூட்டத்திலே ஒரு பிள்ளை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கலாம். தனியாக எழுப்பி ஒரு வரி படிக்கச் சொன்னால் திருதிருவென்று விழிக்கும். உடனே 'மண்டு' என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பெயர் ஆறாம் ஆண்டு வரை பிள்ளையை விட்டுப் போவதில்லை.

சிறு குழுவாக உட்கார்ந்து படிப்பது நமக்குப் புதிதல்ல. மணலில் எழுத்தெழுதி, மூத்த பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் திண்ணைப் பள்ளி வழக்கத்தைச் சென்னைப் பக்கம் கண்டார் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். எழும்பூர் அநாதைப் பள்ளியில் அதையே கையாண்டு, 1797இல் லண்டனில் புத்தகமும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று சீமையெங்கும் அது பரவியது. நம் பினாங்கு பிரீ ஸ்கூலைப் பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816இல் தொடங்கினார். அங்கே தமிழ் வகுப்பும் நடந்ததாகக் கல்வி வரலாறு சொல்கிறது. மலாயாவில் தமிழ்ப் பாடத்துக்கு அதுவே பிள்ளையார் சுழி.

பழைய முறையில் மனப்பாடம் மிகுதி. இன்றைய ஆசிரியர்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள். ஏறக்குறைய ஒரே தரத்தில் உள்ள நாலைந்து பிள்ளைகள்; எல்லார் கையிலும் ஒரே கதை. ஒவ்வொருவரும் மெல்லிய குரலில் தாமே படிக்க, ஆசிரியர் ஒருவர் பின் ஒருவராகக் காதுகொடுத்துக் கேட்கிறார். இருபது சொல்லில் இரண்டுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் கடினம், எளிதானதைக் கொடுக்கவேண்டும்.

தமிழில் தடுக்கும் இடங்களே தனி. 'கொ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, அதன் ஓசையோ பின்னே வருகிறது. கடல், தங்கம், பகல் மூன்றிலும் எழுத்து ஒரே 'க', ஒலி மூன்று. எழுத்தட்டையை மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளை 'தங்கம்' என்பதைத் துண்டு துண்டாக வெட்டிப் படித்துவிட்டு, என்ன சொல்லென்று தெரியாமல் நிற்கும். சட்டென்று விடையைச் சொல்லிவிடாதீர்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். "சேர்த்துப் படி, உனக்குத் தெரிந்த சொல்தானா பார்" என்று மட்டும் சொல்லுங்கள். கண்டுபிடித்ததும் வரியை முதலிலிருந்து படிக்கட்டும்.

ஒன்று கவனிக்கவேண்டும். குழுவே 'மக்கு வரிசை'யாக இறுகிவிடக் கூடாது. மாதம் ஒருமுறையாவது கலைத்து அமைக்கச் சொல்லி ஆசிரியரிடம் பேசுங்கள்.

வீட்டிலும் செய்யலாம். அஞ்சடியிலோ தோட்டத்து வீட்டு வாசலிலோ அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, பத்தே நிமிடம் போதும். தடுக்கிய சொற்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவையுங்கள். அடுத்த வாரம் அதே கதையைக் கொடுத்து, எத்தனை சொல் அடிபட்டுப்போயின என்று பிள்ளையையே கோடு போடச் சொல்லுங்கள்.