விலைக்கு வாங்கும் செயற்றிட்டங்கள்

விழா மலர்களிலே பழம்பெருமை பேசுதல் வழக்கம். அதனைப் பேசத் தக்க பெரியோர் பலர் இம்மலரில் எழுதுவராதலின், யான் இன்றைய மாணாக்கரைப் பற்றிய கருத்தொன்றினை மாத்திரம் பழைய மாணவர் முன்னும் ஆசிரியர் முன்னும் வைக்க விழைகின்றேன். பயிற்றப்பட்ட தமிழாசிரியன் ஒருவனுக்கு மின்சுற்றுக்களோடு யாது தொடர்பு எனச் சிலர் வினவுதல் கூடும். மாணவர் போட்டிகளுக்கு அனுப்பும் செயற்றிட்ட அறிக்கைகளின் தமிழைத் திருத்தும் பணி சில ஆண்டுகளாக என்பாற் சேர்ந்துள்ளது. அத்தொடர்பு பற்றியே இதனை எழுதத் துணிந்தேன்.

அவ்வறிக்கைகளுட் பெரும்பாலானவை நுண்கட்டுப்படுத்தியைக் கொண்டு செய்யப்படும் கருவிகளைப் பற்றியவை. நுண்கட்டுப்படுத்தி என்பது கணக்கிடும் பகுதியும், நினைவகமும், வெளியுலகோடு தொடுக்கும் முனைகளும் ஒருங்கே அமைந்த ஒரு சிறு சில்லு. 1974ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டு ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனம் விற்பனைக்கு விட்ட ரி.எம்.எஸ். 1000 என்பது இவ்வினத்தின் முன்னோடிகளுள் ஒன்று. நெடுங்காலம் தொழிற்சாலைகளுக்கும் பொறியியலாளருக்கும் உரியதாயிருந்த இச்சில்லு, பொழுதுபோக்காகக் கருவி செய்வோர் கைக்கு எளிதில் வந்தமைக்கு 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரிலே தோன்றிய ஆர்டுயினோ என்னும் பலகை பெருங்காரணமாயிற்று. அங்கு வடிவமைப்புக் கற்ற மாணவர் இலத்திரனியல் வல்லுநர் அல்லர். அத்தகையோரும் தம் கையாற் செய்து பார்த்தற்கு மலிவான பலகையொன்று வேண்டுமென்று மாசிமோ பான்சி முதலியோர் அதனை ஆக்கினர். அதே கல்விக்கூடத்தில் எர்னாண்டோ பராகான் என்னும் மாணவர் 2003இல் தொடங்கிய வயரிங் என்னும் பணி அதற்கு அடித்தளமாயிருந்தது. அப்பலகையின் சுற்று வரைபடத்தை யாவரும் எடுத்தாளுமாறு அவர்கள் திறந்தே வைத்தனர். 2016இல் பிரித்தானியாவிலே பி.பி.சி. நிறுவனம் மைக்ரோபிட் என்னும் பலகையைப் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 10 இலட்சம் பேருக்கு இலவசமாக வழங்கியதும் இந்நோக்கம் பற்றியே. பிள்ளை தானே செய்து, தானே பிழைத்து, தானே திருத்தல் வேண்டும் என்பதே இவற்றின் உயிர்நிலை.

நிற்க. சில காலத்துக்கு முன் என்னிடம் வந்த அறிக்கைகளுள் இரண்டு, வெவ்வேறு மாணவர் தந்தவை, ஒரே சொற்றொடர்களால் அமைந்திருந்தன. ஓரிடத்து எழுத்துப் பிழையும் இரண்டிலும் ஒன்றே. வினவியபோது, கருவியையும் அறிக்கையையும் சேர்த்துச் செய்து கொடுக்கும் கடையொன்றில் அவை வாங்கப்பட்டமை தெரியவந்தது. கடையின் பெயரை இங்குக் குறித்தல் வேண்டா. வாங்குவார் இன்றேல் விற்பார் இலர்.

அக்கருவியில் நீர்ப்பம்பியை இயக்கும் றிலே ஒன்று இருந்தது. அதன் சுருளுக்குக் குறுக்கே சிறிய இருவாயியொன்று பொருத்தப்பட்டிருந்தது. அஃது எதன்பொருட்டு என்று கேட்டேன். "கடைக்காரர் வைத்தது, சேர்" என்றான் மாணவன். றிலேயின் சுருளில் மின்னோட்டம் நிற்கும் கணத்தில் எதிர்த்திசையில் உயர்ந்த மின்னழுத்தம் எழும் என்பதும், அது திரான்சிற்றரை அழியாது காத்தற்கே இருவாயி இடப்படும் என்பதும் யான் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டறிந்தவை. தமிழாசிரியனாகிய யான் கேட்டறிந்ததனைப் பரிசுக்குச் செல்லும் மாணவன் கேட்டறியவில்லை. பரிசு கிடைத்தால் அது யாருக்குரியது?

இதற்கு மாறாக வேறொரு மாணவன் செய்ததனையும் கூறுவேன். தன் வீட்டுக் கத்தரிப் பாத்திக்கு மண் காய்ந்தபோது தானே நீர் விடும் கருவியொன்றை அவன் அமைத்தான். முதலில் மண்ணிற் புதைத்த உணரியின் இரு முனைகளும் சில கிழமைகளில் அரித்துப் போயின. ஈரமண்ணினூடே இடையறாது ஒரே திசையில் மின்னோட்டம் செல்லின் மின்பகுப்பினால் உலோகம் அரியும் என்பதனை அவன் அப்போது அறிந்தான். அளவெடுக்கும் கணத்தில் மாத்திரம் மின்னூட்டும்படி செய்நிரலை மாற்றினான். பின்னர் வேறொரு தொல்லை. ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மண்ணைச் சோதிக்க வேண்டிய கருவி, ஒருமுறை சோதித்தபின் அசைவற்றிருந்தது. பம்பி பழுதோ, கம்பி கழன்றதோ என்று மூன்று நாள் தேடினான். காத்திருக்கும் காலத்தை 30 விநாடியாகக் குறைத்தபோது கருவி இயங்கியது. 40 விநாடி என இட்டபோது நின்றது. பிழை கம்பியில் இல்லை, எண்ணிலேதான் உள்ளது என்று அவன் அன்று தெளிந்தான்.

காரணம் இது. காலத்தை மில்லி விநாடியிற் குறிப்பதற்காக 60ஐ 1,000ஆற் பெருக்குமாறு எழுதியிருந்தான். அவன் பயன்படுத்திய ஊனோ பலகையிலே சாதாரண முழுவெண்ணின் மேலெல்லை 32,767. எல்லை கடந்த 60,000 அங்கே −5,536 ஆக மாறிற்று. எதிரெண் அறியாத காத்திருப்புக் கட்டளை அதனை மிகப் பெரியதோர் எண்ணாகக் கொண்டது. ஒரு நிமிடம் பொறு என்று அவன் எழுதியது ஏறக்குறைய 50 நாள் பொறு என்று முடிந்தது. 60 என்னும் எண்ணின் பின்னே 'எல்' என்னும் ஆங்கில எழுத்தொன்றைச் சேர்த்தவுடன் பெரிய எண்ணுக்குரிய இடம் ஒதுக்கப்பட்டது, கருவியும் சீராயிற்று.

எழுத்தெண்ணிப் படித்தல் என்று நம் முன்னோர் கூறுவர். ஓரெழுத்துக் குறைந்தால் பொருள் மாறும் என்று யான் வகுப்பிலே ஆண்டுதோறும் கூறிவருவதனை, அம்மாணவன் தன் பாத்தியின் ஓரத்திலே கண்டுகொண்டான். கடையில் வாங்கிய கருவி இப்பாடத்தைத் தருமோ? பிழையைக் கடைக்காரர் முன்னரே நீக்கிவிட்டார். மாணவனுக்குரிய கல்வியும் அதனோடு நீங்கிவிட்டது.

இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்டவுடன் செய்நிரலை எழுதித் தருகின்றனவே, பிள்ளைகள் இடர்ப்படுதல் எதற்கு என்பார் உளர். அவை உதவுவன, மறுப்பதற்கில்லை. ஆயின் பாத்தியிற் புதைந்த முனை அரித்திருப்பதனைக் கையாற் பிடுங்கிப் பார்ப்பவன் மாணவனேயன்றோ? கண்டதனைத் தெளிவுறச் சொல்லத் தெரியாதவன் அச்செயலியிடமும் தெளிவுற வினவமாட்டான். பரீட்சைக் காலத்தில் இவையெல்லாம் வீண்பொழுது என்பாரும் உளர். பரீட்சையின் நெருக்கத்தை ஆசிரியராகிய யாம் அறியாதவரல்லேம். எனினும் ஓமின் விதியை எழுதிப் பத்துப் புள்ளி பெறுவோன், தடையி இடாமல் எல்.ஈ.டி. விளக்கைக் கருக்குவானாயின், அவன் அவ்விதியைக் கற்றவனாவானோ?

இது நம்மவர்க்குப் புதிய வித்தையுமன்று. 1990ஆம் ஆண்டின் பின்னர், வடக்கிலே மின்சாரம் அற்று, மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயிருந்த காலத்திலே, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இம்மலரைப் படிக்கின்றது. அவ்வித்தையை அவர்கள் எந்தக் கடையிலும் வாங்கவில்லை. மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த மண் இது. செய்வதனைத் தமிழில் எழுதலும் நமக்கு அரியதன்று.

ஆதலின் யான் வேண்டுவன சிலவே. கல்லூரியிலே ஒரு மேசையும் ஒரு நிலைப்பெட்டியும் கிழமையில் இரு பிற்பகலும் இதற்கென ஒதுக்கப்படுக. 230 வோல்ற்று மின்சாரம் அம்மேசைக்கு வேண்டா. பற்றாசுக்கோலை ஆசிரியர் முன்னிலையில் வேறிடத்திற் பயன்படுத்தலாம். ஏனையவற்றுக்கு 5 வோல்ற்றுப் போதும். பழுதான அச்சுப்பொறிகளிலும் வானொலிகளிலும் மோட்டர்களும் ஆளிகளும் கம்பிகளும் கிடைக்கும். ஒவ்வொரு மாணவனும் ஒரு கொப்பி வைத்து, தான் செய்தது யாது, எங்கே பிழைத்தது, எவ்வாறு கண்டான் என்பனவற்றைத் தமிழில் எழுதுக. கல்லூரியின் பெயராற் போட்டிக்குச் செல்லும் கருவி எதுவாயினும், அதன் கம்பியொன்றை ஆசிரியர் கழற்றிவிட, செய்தவன் அதனைத் தேடிக் கண்டு திருத்திக் காட்டிய பின்னரே அனுப்பப்படுக. அக்கொப்பியைத் திருத்தும் பணியை யான் மனமுவந்து ஏற்பேன்.

பழைய மாணவர்க்கு ஒரு வார்த்தை. வெற்றிக்கேடயங்களும் பரிசுப்பணமும் நீவிர் அன்போடு அனுப்புகின்றீர். அவற்றை எண்ணியே சில பெற்றோர் கடையை நாடுகின்றனர் என்பதனையும் அறிக. உங்களுட் பொறியியலாளர் பலர் உளர்; வானொலி திருத்துவோரும் மின்னிணைப்பு வேலை செய்வோரும் உளர். கேடயத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அம்மேசைக்குத் தருக. அதனினும் மேலாக, மாதத்தில் ஒரு மணி நேரத்தை அம்மாணாக்கர்க்குத் தருக. இயங்காத கருவியோடு உங்கள்முன் வரும் பிள்ளைக்கு விடையை உடனே கூறிவிடாது, "எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள். பிழையை அவன் தானே கண்டுகொள்வான்.