காட்டுத்தீயைக் காண 42 மீட்டர் போதாது

செயற்கைக்கோள் உணரி குறித்த இந்தியக் கருத்தரங்குகளில் "பகுதிறன் எத்தனை மீட்டர்?" என்பதே முதற்கேள்வியாக எழுகிறது. காட்டுத்தீக்கு அது பொருந்தாத கேள்வி. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, எந்த அலைநீளத்தில் பார்க்கிறது என்பவையே முதலில் கேட்கத்தக்கவை.

டேராடூனிலுள்ள இந்திய வன அளவீட்டு நிறுவனத்தின் தீ எச்சரிக்கைகள் மோடிஸ், விர்ஸ் என்னும் அமெரிக்க உணரிகளையே பெரிதும் நம்பியுள்ளன. விர்ஸின் படப்புள்ளி 375 மீட்டர், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதைச் சுமக்கும் மூன்று செயற்கைக்கோள்களும் பகல், இரவு ஒன்றரை மணியை ஒட்டியே கடந்து செல்கின்றன. உத்தராகண்டின் பைன் காட்டில் மாலை நான்கு மணிக்குச் சருகில் பற்றிய தீ, நள்ளிரவு கடந்தே அவற்றின் கண்ணில் படும். மூன்று கண்களும் ஒரே வேளையில் இமை திறந்தால் என்ன பயன்?

அரைமணிக்கொருமுறை பார்க்கும் இன்சாட்-3டி வரிசைக்கு நடு அகச்சிவப்புப் பட்டை உண்டு. படப்புள்ளியோ 4 கிலோமீட்டர். இளந்தீ அந்தப் பதினாறு சதுர கிலோமீட்டரில் கரைந்துபோகும். இதற்கு இயற்பியல் வரம்பே காரணம் என்பது சாக்கு. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 4 மைக்ரோமீட்டரில் 500 மீட்டரைப் பிரித்தறிய, விளிம்பு விளைவின்படி ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் ஆடி போதும். குளிரூட்டிய உணரி அணியும் அசையாத நோக்குமே கடினமானவை. அவை பொறியியல் சிக்கல்கள், பணம் ஒதுக்கினால் தீர்பவை.

2021 ஆகஸ்ட் 12 அன்று ஜிஎஸ்எல்வி-எஃப்10-இன் கிரையோஜெனிக் நிலை பழுதாகி இஓஎஸ்-03 இழக்கப்பட்டது. அந்த இழப்புக்கு வருந்தியோர் அதன் வடிவமைப்பைக் கவனித்தார்களா? பேரிடர்க் கண்காணிப்பு அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்களுள் ஒன்று. கட்புலப் பட்டைகளில் 42 மீட்டர் கூர்மை. குற்றலை அகச்சிவப்பு 2.5 மைக்ரோமீட்டரோடு முடிந்தது. வெப்பப் பட்டைகள் 7-க்கு மேல் தொடங்கின. 800 கெல்வின் தீ உச்சமாக ஒளிர்வது 3.6 மைக்ரோமீட்டரில். அந்தச் சாளரமே அடைபட்டிருந்தது. 11 மைக்ரோமீட்டரில் அத்தீ 300 கெல்வின் நிலத்தைவிட ஏறத்தாழ 19 மடங்கே ஒளிரும். 4 மைக்ரோமீட்டரில் 1,800 மடங்கு. படப்புள்ளியினும் மிகச் சிறிய தீ சிக்குவது இந்த வேறுபாட்டால்தான். அது ஏவப்பட்டு நிலைபெற்றிருந்தால் பகலில் புகையை அழகாகக் காட்டியிருக்கும்.

கோடைப் பாறையின் சூடு போலி எச்சரிக்கை தரும் என்பது வழக்கமான மறுப்பு. பாறை வெயிலோடு மெல்லச் சூடேறும். தீ பத்து நிமிடத்தில் தாவும். அடுத்தடுத்துப் படமெடுக்கும் உணரிக்கு இரண்டையும் பிரிப்பது எளிது. நாளைக்கு இருமுறை பார்ப்பதற்குத்தான் அது கடினம்.