நம்ம நிறத்துக்கு எடுப்பா இருக்காதாம்!

பொங்கலுக்குத் துணி எடுக்கப் போகிறோம். மகள் ஆசையாக ஓர் அடர் மஞ்சள் பாவாடை தாவணியில் கை வைக்கிறாள். கடைக்காரர் வாயைத் திறப்பதற்கு முன் நாமே சொல்லிவிடுகிறோம்: "அது வேணாம்டி, நம்ம நிறத்துக்கு எடுப்பா இருக்காது." கூட வந்த அத்தை சேர்த்துக்கொள்கிறார்: "கை வேற தடிச்சுக் கெடக்கு, முழங்கை வரைக்கும் மூடுற மாதிரி ஜாக்கெட் தைக்கணும்." பிள்ளை கையை இழுத்துக்கொள்கிறது. மங்கலாக ஏதோ ஒன்று பில் போடப்படுகிறது. பண்டிகையன்று எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கும்போது, அந்தப் பிள்ளை பின்வரிசையில் போய் ஒளிந்துகொள்கிறது.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் கூச்ச சுபாவம். அழகுக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்கிறார்கள். கண்ணாடி முன் நின்று "நான் அழகு" என்று தினமும் பத்து முறை சொன்னால் சரியாகிவிடுமாம். இந்தக் கூச்சத்தை நமக்குக் கொடுத்தது யார் என்று மட்டும் அவர்கள் கேட்கமாட்டார்கள். நாம் கேட்போம்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக் கூடாது. தலையில் பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கவோ செருப்புப் போடவோ கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது.

எண்ணிப் பாருங்கள். எட்டில் ஏழு தடைகள் நம் உடம்பின் மேல். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின.

நாம் அழகற்றவர்கள் என்றால் இத்தனை தடை எதற்கு? பூ வைத்தாலும் எடுபடாத தலைக்குப் பூ வைக்கத் தடை போடுவானா? உடுத்தி நடந்தால் நமக்கும் தனக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுமே என்ற பயம்தான் அவனுக்கு. சண்டாளருக்குப் பிணத்தின் துணியையும் இரும்பு நகையையும் விதித்த மனுநூலின் பத்தாம் அத்தியாயத்திலும் இருப்பது அதே பயம்தான்.

பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2012இல் தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டது. அந்த நாட்களில்தான் நம் பையன்களின் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் அரசியல் மேடைகளில் குற்றப்பட்டியலாக வாசிக்கப்பட்டன. இன்றும் அலுவலகத்தில் பட்டுப்புடவை கட்டிப் போகும் நம் பெண்ணிடம், "உங்களைப் பார்த்தா எஸ்.சி. மாதிரியே தெரியலையே" என்கிறார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறார்கள். கருப்பும் சிவப்பும், குட்டையும் நெட்டையும், ஒல்லியும் பருமனும் எல்லாச் சாதியிலும் உண்டு என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ‘எஸ்.சி. மாதிரி’ என்று ஓர் உடம்பை மனதில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

இதைவிட வலிக்கும் உண்மை ஒன்று உண்டு. அந்தப் படத்தை நாமும் நம் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறோம். பெண் பார்க்கப் போனால் "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்கிறோம். கல்யாண மேக்கப்பில் முகத்தை வெளுத்து, கழுத்தை மறந்து, சொந்தப் பிள்ளையை யாரோ போல மணவறையில் உட்கார வைக்கிறோம். சிவப்பழகு கிரீம் 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. நம் வாயில் வார்த்தை மாறவில்லை. அன்று தடை போட ஊர்க்கூட்டம் தேவைப்பட்டது. இன்று அந்த வேலையை அத்தையும் சித்தியும் காசு வாங்காமல் செய்கிறார்கள்.

1927 டிசம்பரில் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் பெண்களைப் பார்த்துப் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கும் புடவைக் கட்டை விடுங்கள், கனத்த உலோக நகைகளைக் கழற்றுங்கள் என்றார். அங்கேயே கட்டை மாற்றிக்கொண்ட பெண்கள் உண்டு. மேல்சாதியைக் காப்பியடிக்கச் சொன்னார் என்று இதைத் திரிப்பவர்கள் இருக்கிறார்கள். உடையைப் பார்த்தே நம்மை ஒதுக்கி நிறுத்தும் வசதியை அவர்களிடமிருந்து பிடுங்கச் சொன்னார் அவர். அதைச் செய்ய அந்தப் பெண்கள் இளைக்கவும் இல்லை, வெளுக்கவும் இல்லை.

ஆகவே தோழர்களே, இந்தப் பொங்கலுக்குத் துணிக்கடையில் வாயைக் கட்டுவோம். பிள்ளை கை வைத்த நிறத்தையே எடுப்போம். உடம்புக்குத் தக்கபடி துணியைத் தைப்போம். துணிக்குத் தக்கபடி உடம்பை வையாதிருப்போம். கை தெரிந்தால் தெரியட்டும். நாற்று நட்ட கை, கல் சுமந்த கை, பேனா பிடித்த கை அது. ஏப்ரல் 14 அன்று நீலப் புடவை கட்டி ஊர்வலத்தின் முன்னால் நடக்கும் நம் பெண்கள் யாருக்காவது கூச்சப்படுகிறார்களா? அந்த நடையைப் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் எடுத்துக்கொண்டு போவோம்.

படம் எடுக்கும்போது பிள்ளையை முன்வரிசையில் நிறுத்துவோம். தலை நிறையப் பூவோடு.