மீட்டரோடு முடியும் பொறுப்பு

ஹைதராபாத்தின் சனத்நகர் உழைப்பாளர்களின் பகுதி. குளிர்பதனப் பெட்டிகள் செய்த ஆல்வின் ஆலை இன்று இல்லை. தொழிற்பேட்டையும் ஈஎஸ்ஐ மருத்துவமனையும் இருக்கின்றன. குழாய்நீர் நாள் முழுவதும் வருவதில்லை. வரும் சில மணி நேரத்தில் பிடித்து வைக்க ஒவ்வொரு கட்டடமும் தரைத்தொட்டியும் மேல்நிலைத் தொட்டியும் கட்டிக்கொள்கிறது. குடிநீர் வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிந்துவிடுகிறது. நோய்க்கிருமியின் வாழ்க்கையோ பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

நுகர்வோர் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது ஐஎஸ் 10500 தரநிர்ணயம். தேங்கிய நீரில் இந்தக் குளோரின் மெல்லக் கரைந்து போகிறது. மொட்டைமாடியில் வெயில் காயும் கறுப்பு நெகிழித் தொட்டியில் இன்னும் விரைவாகப் போகிறது. அடியில் படிந்த வண்டல், குழாயின் உட்சுவரில் படரும் வழுவழுப்பான உயிரிப்படலம், துரு, பயன்பாட்டில் இல்லாமல் அடைத்து விடப்பட்ட கிளைக்குழாய் ஆகியவை பாக்டீரியாக்களின் குடியிருப்புகள். லெஜியோனெல்லா என்ற கிருமிக்கு 25 முதல் 45 பாகை செல்சியஸ் வரை மிக உகந்த வெப்பம். ஹைதராபாத்தின் தொட்டிநீர் ஆண்டின் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்தான் இருக்கும். இக்கிருமி நீரில் வாழும் அமீபாக்களுக்கு உள்ளேயும் பெருகும். அங்கே குளோரின் அதை எளிதில் தொடுவதில்லை.

இதைக் குடிப்பதைவிடச் சுவாசிப்பதே ஆபத்து. பூந்தூவல் குழாயிலிருந்தும், குளிர்சாதன அமைப்பின் குளிர்விப்புக் கோபுரத்திலிருந்தும் எழும் நுண்திவலைகள் நுரையீரலுக்குள் செல்கின்றன. 1976இல் பிலடெல்பியாவின் விடுதி ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களைத் தாக்கிய பிறகே இந்நோய் அறியப்பட்டது. பென்சிலின் வகை மருந்துகளுக்கு இது கட்டுப்படாது. தனிச் சோதனை செய்யாவிட்டால் சாதாரண நிமோனியா என்றே எழுதப்படும். வழக்கமான ஈ-கோலை சோதனையில் தேறிய நீரிலும் இது இருக்கக்கூடும். ‘இங்கே அந்த நோய் இல்லை’ என்ற நிம்மதி, தேடாததால் கிடைத்த நிம்மதியாக இருக்கலாம்.

கிருமிக்கு வர்க்கம் தெரியாது என்பார்கள். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் வேறு கதை சொல்கிறது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஏழை நகரில், மாநில அரசு நியமித்த நிர்வாகத்தின் கீழ், செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் நீராதாரம் மாற்றப்பட்டது. அரிப்புத்தடுப்பு வேதிப்பொருள் சேர்க்கப்படவில்லை. குழாய்கள் அரித்தன. ஈயம் கலந்ததை உலகம் அறியும். அதே காலத்தில் லெஜியோனெல்லாவுக்குப் 12 பேர் பலியானது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அரித்த இரும்பு குளோரினைத் தின்றுவிட்டது என்று ஆய்வாளர்கள் விளக்கினர்.

ஹைதராபாத்துக்கும் தன் பாடம் உண்டு. 2009 மே மாதம் போலக்பூரில் குடிநீரில் கழிவுநீர் கலந்து காலரா பரவியது. பலர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நீர் வராத நேரத்தில் வெற்றாகும் குழாய், விரிசல் வழியே சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். அதாவது இடைவிட்ட விநியோகமே நோயின் தோழன். 2021இல் மாதம் 20,000 லிட்டர் வரை இலவசம் என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது, வரவேற்கத்தக்கதே. ஆனால் அளவைப் பேசும் அரசியல் தரத்தைப் பேசவில்லை. விளைவு, வசதியுள்ளவர் வீட்டுக்குள் சுத்திகரிப்புக் கருவி வாங்குகிறார். அந்தக் கருவி குளியலறைத் திவலையைத் தடுக்காது என்பது விளம்பரத்தில் வராது.

சனத்நகரில் 2022 ஏப்ரலில் அரசின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. புதுக்கட்டடக் குழாய்களில் சோதனைக்காக நிரப்பிய நீர் திறப்புவிழா வரை தேங்கிக் கிடப்பது எங்கும் உள்ள ஆபத்து. எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகள் வரும் இடத்தில் குழாய்களைக் கழுவி, சோதித்து, முடிவை வெளியிட்ட பிறகே நாடா வெட்ட வேண்டும்.

சட்டம் மட்டும் போதுமா? நியூயார்க் 2015இலேயே குளிர்விப்புக் கோபுரங்களைப் பதிவு செய்யவும் சோதிக்கவும் சட்டம் இயற்றியது. ஆயினும் 2025இல் ஹார்லெமில் 7 பேர் இறந்தனர். ஆய்வாளர் பணியிடங்கள் இல்லாத சட்டம் காகிதமே. கேரளத்தில் அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், மூளையைத் தாக்கும் அமீபாவை எதிர்த்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் குளோரின் இடும் இயக்கம் மக்களைத் திரட்டி நடத்தப்பட்டது. தெலங்கானாவுக்கு இதில் கற்க நிறைய உண்டு.

ஊதியத்தில் 0.75 விழுக்காட்டை ஈஎஸ்ஐக்குச் செலுத்தும் தொழிலாளிக்கு, தன் ஆலையின் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, இன்று குளோரின் எவ்வளவு என்று கேட்கும் உரிமை உண்டு. அவ்விரண்டையும் ஆலை வாயிலில் எழுதி வைக்க வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலிலேயே சேர்க்கலாம். குளோரின் அளக்கும் கருவியின் விலை சில நூறு ரூபாய்தான்.