விலையைப் பார்க்காதீங்க, லேபிளைப் படிங்க! 30 டாலருக்குள் நல்ல போர்பன் வாங்குவது எப்படி?

போர்பன் என்றதும் நம் ஊரில் பலருக்கும் ஞாபகம் வருவது, நடுவில் சாக்லேட் கிரீம் தடவி, மேலே சர்க்கரை தூவிய பிஸ்கட்தான். அதில் ஒரு சொட்டு மதுகூடக் கிடையாது. பிரான்ஸை ஆண்ட போர்பன் அரச வம்சத்தின் பெயர் ஒரு பக்கம் பிஸ்கட்டுக்கும், இன்னொரு பக்கம் அமெரிக்க விஸ்கிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அமெரிக்கர்கள் வாயில் அது 'பர்பன்'. இந்த வாரம் நாம் லேபிள் படிக்கப்போவது அந்த விஸ்கி பாட்டிலில்.

ஹூஸ்டனிலோ நியூ ஜெர்சியிலோ ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தால், போர்பனுக்கு மட்டும் ஒரு சுவரையே ஒதுக்கியிருப்பார்கள். 15 டாலர் பாட்டிலும் இருக்கும், கண்ணாடிக்குள் பூட்டிவைத்த பல நூறு டாலர் பாட்டிலும் இருக்கும். ஊருக்குக் கிளம்பும் முன் சித்தப்பாவுக்கு ஒரு பாட்டில் வாங்க வந்தவர் அங்கே என்ன செய்வார்? கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் கொஞ்சம் நல்லதாக இருக்கும் என்று நினைத்து, நடு வரிசையில் அழகான பாட்டிலாக ஒன்றை எடுப்பார். போர்பனில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பிப்போகும்.

காரணம், போர்பனின் அடிப்படைத் தரத்தை நிர்ணயிப்பது விலை அல்ல, சட்டம். 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனை 'அமெரிக்காவுக்கே உரிய தயாரிப்பு' என்று அறிவித்தது. அங்கே தயாரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தானியக் கலவையில் குறைந்தது 51 சதவிகிதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் நெருப்பில் கருக்கப்பட்ட, புத்தம் புதிய ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற வேண்டும். ஒரு தடவை போர்பன் ஊறிய பீப்பாயில் மறுபடி போர்பன் ஊறக் கூடாது. அதனால்தான் பழைய பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. ஸ்காட்ச்சில் நிறத்துக்காக கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. போர்பனில் அதுவும் கிடையாது. 15 டாலர் பாட்டிலில் தெரியும் அந்தப் பொன்னிறமும் மரம் கொடுத்ததுதான்.

ஆக, மலிவான பாட்டிலுக்கும் இந்த விதிகள் எல்லாம் உண்டு. அதற்கு மேல் தரம் பார்க்க லேபிளில் இரண்டு வார்த்தைகளைத் தேடினால் போதும்.

முதல் வார்த்தை, 'ஸ்ட்ரெய்ட்'. இது இருந்தால் குறைந்தது 2 ஆண்டுகள் பீப்பாயில் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 4 ஆண்டுகளுக்குக் குறைவாக ஊறியிருந்தால், எத்தனை ஆண்டுகள் என்பதை லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். அப்படியென்றால், 'ஸ்ட்ரெய்ட்' என்று போட்டு வயதே போடாத பாட்டில், குறைந்தது 4 வயது. முன்பக்கம் குதிரையும் பண்ணை வீடும் வரைந்த 50 டாலர் பாட்டிலின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் '2 ஆண்டுகள்' என்று இருப்பதைப் பார்த்தால் கீழே வைத்துவிடலாம்.

இரண்டாவது, 'பாட்டில்டு இன் பாண்ட்'. பட்ஜெட் பார்ப்பவர்களுக்கு இதுதான் பெரிய வரம்.

19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் விஸ்கி வாங்குவது கிட்டத்தட்ட சூதாட்டம். வெறும் ஸ்பிரிட்டில் நிறத்துக்கும் மணத்துக்கும் ப்ரூன் பழச்சாறு, புகையிலை, அயோடின் என்று கையில் கிடைத்ததைக் கலந்து, பழைய விஸ்கி என்று விற்றார்கள். ஒழுங்காகக் காய்ச்சிய கென்டக்கி முதலாளிகளுக்கு வியாபாரம் போனது, குடித்தவர்களுக்கு உடம்பு போனது. கர்னல் எட்மண்ட் டெய்லர் என்ற ஆலை அதிபரும், அன்றைய நிதி அமைச்சர் ஜான் கார்லைலும் முன்னின்று 1897-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் காய்ச்சியதாக இருக்க வேண்டும். அரசின் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் 4 ஆண்டுகளாவது இருந்திருக்க வேண்டும். ஆல்கஹால் சரியாக 50 சதவிகிதம். கலப்படத்தைத் தடுக்க வந்த அந்தச் சட்டத்தின் அடிப்படை விதிகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. எந்த ஆலையில் காய்ச்சியது என்பதையும் லேபிள் சொல்லியாக வேண்டும். சில பாட்டில்களில் 'டி.எஸ்.பி' என்று போட்டு ஒரு எண் இருக்கும். போலீஸ் அதிகாரி இல்லை, அது ஆலையின் பதிவு எண்!

வெள்ளை லேபிள் ஒட்டிய ஈவான் வில்லியம்ஸ், ஆரஞ்சு நிற லேபிளில் வரும் ஓல்ட் கிராண்ட்-டாட் பாண்டட் இரண்டும் இந்த வகை. வரி மாகாணத்துக்கு மாகாணம் மாறினாலும், பெரும்பாலும் 30 டாலருக்குள் கிடைத்துவிடும். பாண்டட் இல்லாவிட்டாலும் 50.5 சதவிகிதம் உள்ள ஒயில்ட் டர்க்கி 101-ஐயும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

50 சதவிகிதம் என்பதில் ஒரு வீட்டுக் கணக்கும் இருக்கிறது. அந்த 750 மில்லி பாட்டிலைத் தண்ணீர் சேர்த்து வழக்கமான 40 சதவிகிதத்துக்குக் கொண்டுவந்தால், 937 மில்லி வரும். சாதாரண பாட்டிலில் அந்தத் தண்ணீரை ஆலையே கலந்துவிடுகிறது, காசு நாம் கொடுக்கிறோம். அதே சமயம், 40 சதவிகிதத்தில் 44 மில்லி குடித்தால் ஏறும் ஆல்கஹால், இதில் 35 மில்லியிலேயே ஏறிவிடும். சித்தப்பாவுக்குக் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டுக் கொடுப்பது நல்லது.

லேபிளில் அர்த்தமில்லாத வார்த்தைகளும் உண்டு. 'ஸ்மால் பேட்ச்' என்பதற்குச் சட்டத்தில் விளக்கமே இல்லை. 10 பீப்பாய் கலந்தாலும் 200 பீப்பாய் கலந்தாலும் போட்டுக்கொள்ளலாம். 'பாட்டில்டு பை' என்று மட்டும் இருந்தால், வேறு எங்கோ காய்ச்சியதை வாங்கி நிரப்பியிருக்கலாம். புதிய பிராண்டுகள் பலவற்றுக்கு விஸ்கி போவது இண்டியானா மாகாணத்தின் லாரன்ஸ்பர்க் ஊரிலுள்ள ஒரு பெரிய ஆலையிலிருந்து. ஒரு காலத்தில் சீக்ராம்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்த ஆலை அது. சரக்கு மோசமில்லை. ஆனால், தாத்தாவின் ரகசிய செய்முறை என்ற கதைக்கும் சேர்த்து 20 டாலர் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. (ஒயில்ட் டர்க்கி, ஃபோர் ரோசஸ் ஆலைகள் இருப்பதும் லாரன்ஸ்பர்க்தான். அது கென்டக்கி லாரன்ஸ்பர்க். குழம்ப வேண்டாம்.)

கதைக்குக் காசு கொடுப்பதன் உச்சம், பேப்பி வான் விங்கிள். 2013-ல் கென்டக்கியின் பஃபலோ டிரேஸ் ஆலையிலிருந்து இந்த விஸ்கி 200 பாட்டில்களுக்கு மேல் காணாமல் போய், ஊரே பரபரத்தது. வெளிச்சந்தையில் ஒரு பாட்டில் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. ரை தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்த்த, மென்மையான போர்பன் இது. அதே ஆலையின் இன்னொரு கோதுமை போர்பனான வெல்லரை 'ஏழைகளின் பேப்பி' என்று யாரோ சொல்லிவைக்க, அதற்கும் கிராக்கி கூடி விலை எகிறிவிட்டது. கோதுமையின் மென்மை பிடித்தவர்களுக்கு, சிவப்பு மெழுகு முத்திரையோடு வரும் மேக்கர்ஸ் மார்க் எந்தக் கடையிலும் இருக்கும்.

வயது கூடினால் ருசி கூடும் என்பதும் முழு உண்மையில்லை. கென்டக்கி கோடை வெயிலில் பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். 15, 20 ஆண்டுகள் போனால் மிச்சம் கொஞ்சம்தான், அதனால் விலை ஏறுகிறது. கூடவே, புதுப் பீப்பாயின் மரக்கசப்பும் ஏறுகிறது. அது பிடிப்பவர்களும் உண்டு, முகம் சுளிப்பவர்களும் உண்டு.

இவ்வளவு படித்த பிறகும் சந்தேகமாக இருந்தால், பல அமெரிக்கக் கடைகளில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே 50 மில்லி குட்டி பாட்டில்கள் அடுக்கியிருக்கும். எல்லா பிராண்டும் இருக்காது. இருப்பதில் இரண்டை வாங்கி வீட்டில் ருசி பார்த்துவிட்டு, பெரிய பாட்டிலுக்கு மறுநாள் வரலாம்.