கண்ணுக்குள்ளே ஒரு க்ளிக்

மயிலாப்பூர் மெஸ்ஸில் சர்க்கரை இல்லாமல் காபி கேட்கிறவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். 'கண்ணா? நல்லாத்தான் சார் தெரியுது. பேப்பர்ல வரி விளம்பரம்கூட படிக்கிறேனே!' என்பார்கள்.

அங்கேதான் வம்பு. சர்க்கரை வியாதி விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பழுதாக்கும்போது வலிக்காது. பார்வையும் ரொம்ப நாள் மங்காது. மங்கும்போது பாதி ஆட்டம் முடிந்திருக்கும். அதற்கு முன்னால் காட்டிக்கொடுப்பது விழித்திரையின் போட்டோதான்.

கோபாலபுரத்தில் உள்ள டாக்டர் மோகன் மருத்துவமனையின் டாக்டர் ராஜலக்ஷ்மி குழு 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஸ்மார்ட்போனில் இயங்கும் காமிராவால் 301 சர்க்கரைக்காரர்களின் விழித்திரையைப் படமெடுத்து, கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். கண் டாக்டர்கள் 'பாதிப்பு' என்று சொன்னவர்களில் நூற்றுக்கு 95.8 பேரை அதுவும் பிடித்துவிட்டது. ஆனால் பாதிப்பில்லாதவர்களிலும் சுமார் 20 சதவிகிதம் பேரைச் சந்தேகப்பட்டது, நம்ம ஆபீஸ் ஆடிட்டர் மாதிரி.

எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. வீண் சந்தேகத்துக்கு அபராதம், கண் டாக்டரிடம் ஒரு நடை. கோட்டைவிட்டால் அபராதம் கண்ணே.

ஒரே தொந்தரவு: பாப்பா விரிய சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் பாண்டி பஜாரே பனிமூட்டமாகத் தெரியும். அன்றைக்கு பைக் வேண்டாம் சார், பஸ்ஸில் போங்கள்.